சில்லு மாறும்போது சாகும் பிரதிகள்: மக்கின்டோஷ் விளையாட்டுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

2025 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தனக்காக நிரல் எழுதுகிறவர்களுக்கு ஓர் அறிவிப்புச் செய்தது. இன்டெல் சில்லுக்காக எழுதப்பட்ட நிரல்களைத் தன்னுடைய புதிய சில்லுகளில் ஓடவைக்கிற 'ரோசெட்டா 2' என்னும் மொழிபெயர்ப்பு நிரல், மேக்ஓஎஸ் 27 வரைக்கும்தான் முழுசாகக் கிடைக்கும். அதற்கப்புறம் அதில் ஒரு துண்டு மட்டும் விட்டுவைக்கப்படும். அந்தத் துண்டு பராமரிப்பாரற்றுப் போன பழைய விளையாட்டுகளுக்காக. அறிவிப்பின் சாரம் இவ்வளவுதான். கணக்கு எழுதுகிற நிரலுக்குக் கிடைக்காத சலுகை, இசை கோர்க்கிற நிரலுக்குக் கிடைக்காத சலுகை, விளையாட்டுக்குக் கிடைத்திருக்கிறது. இது கருணையா, கணக்கா என்று எனக்குள் எழுந்த சந்தேகம்தான் இக்கட்டுரையை எழுதவைக்கிறது. ஏனென்றால் இதே நிறுவனம் இதற்கு முன்னால் மூன்று நான்கு தடவை இதே வேலையைச் செய்திருக்கிறது. அப்போதெல்லாம் யாருக்கும் எந்தத் துண்டும் விட்டுவைக்கப்படவில்லை.

'விளையாட்டுதானே, போனாப் போகட்டுமே, நாட்டுல வேற பிரச்சினையே இல்லையா' என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் இங்கே பேசப்போகிற விளையாட்டுகளில் பெரும்பாலானவை துப்பாக்கியைக் கையில் கொடுத்து 'அந்நியனை' சுடச் சொல்பவை. அந்நியன் பச்சைத் தோலோடும் நாலு கண்ணோடும் வருவான். அவனுக்கு மொழி கிடையாது, வரலாறு கிடையாது. அமெரிக்க ஆண் மனத்தின் பகற்கனவு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்வது பக்தியினால் அல்ல. காலனிய நாவல்களை நாம் எதிர்வாசிப்புச் செய்தோம் என்றால், அந்த நாவல்கள் ஏதோ ஒரு நூலகத்தில் கிடைத்ததால் செய்தோம். ஒரு பிரதியைக் கட்டுடைப்பதற்குக்கூட அது முதலில் கைக்கு வர வேண்டும். கடந்த நாற்பது ஆண்டுகளில் கோடிக்கணக்கான இளைஞர்களின் மனத்தைப் பிசைந்து உருவாக்கிய ஒரு பெரும் பிரதித் தொகுதி, ஆட்சேபம் சொல்ல ஆளில்லாமல், சில கம்பெனிகளின் கால அட்டவணைப்படி திறக்க முடியாததாக ஆகிக்கொண்டிருக்கிறது. இது அரசியல் பிரச்சினை இல்லை என்றால் வேறு எது அரசியல் பிரச்சினை?

தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சில்லுக்கும் அதற்கென்று ஒரு கட்டளைத் தொகுதி உண்டு. 'கூட்டு, கழி, இங்கே இருப்பதை அங்கே வை, இது பூஜ்யமானால் அந்த வரிக்குத் தாவு' என்கிற மாதிரியான மிகச் சிறிய ஆணைகள். ஒரு சில்லுக்கு எழுதிய ஆணை இன்னொரு சில்லுக்கு வெறும் உளறல். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழில் 'இருபத்தைந்து' என்கிறோம்: பெரிய இடம் முன்னால், சின்ன இடம் பின்னால். சமஸ்கிருதத்தில் 'பஞ்சவிம்சதி': ஐந்து முன்னால், இருபது பின்னால். சில்லுகளிலும் இப்படி இரண்டு கட்சி உண்டு. மோட்டரோலா 68000 வகைச் சில்லுகள் ஓர் எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது பெரிய பகுதியை முன்னால் வைக்கும். இன்டெல் சின்ன பகுதியை முன்னால் வைக்கும். டேனி கோஹன் என்கிற கணினியாளர் 1980இல் இந்தச் சண்டைக்குப் பெயர் வைக்கும்போது ஸ்விஃப்டின் 'கலிவரின் பயணங்கள்' நாவலில் முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா சின்ன முனையில் உடைப்பதா என்று போரிட்டுக்கொள்ளும் இரண்டு கூட்டத்தாரின் பெயரை எடுத்துக்கொண்டார். நம்மூர்க்காரராக இருந்திருந்தால் காஞ்சிபுரத்து யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்ற வழக்கிலிருந்து எடுத்திருப்பார். இரண்டு முறையில் எதுவும் உசத்தி இல்லை. ஆனால் ஒரு முறையில் சேமித்த கோப்பை மற்ற முறைக்காரன் திறந்தால் எண்களெல்லாம் தலைகீழாகிவிடும்.

கணக்கு எழுதுகிற நிரலை விடவும் விளையாட்டு சில்லோடு இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் 1978இல் ஜப்பானில் டைட்டோ கம்பெனிக்காக டொமொஹிரோ நிஷிகாடோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. வரிசை வரிசையாக இறங்கிவரும் எதிரிகளைச் சுடச்சுட, மிச்சமிருப்பவர்கள் வேகமாக நகரத் தொடங்குவார்கள். கடைசி ஆள் பறப்பான். ஆடுகிறவனின் நெஞ்சு அடித்துக்கொள்வது அந்த இடத்தில்தான். இந்த வேகம் முதலில் திட்டமிட்டுச் செய்யப்பட்டது அல்ல. அதிலிருந்த இன்டெல் 8080 சில்லுக்கு அத்தனை உருவங்களையும் ஒரேயடியாக நகர்த்தத் தெம்பில்லை. உருவங்கள் குறையக் குறைய வேலை குறைந்தது, அதனால் வேகம் கூடியது. நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். சில்லின் இயலாமையே அங்கே பிரதியின் உச்சகட்டமாக ஆகிவிட்டது. இதை வேகமான சில்லுக்குக் கொண்டுபோகிறவன் அந்த இயலாமையையும் சேர்த்துப் போலி செய்தாக வேண்டும், இல்லையென்றால் விளையாட்டு இருக்கும், உயிர் இருக்காது. 1990களின் தொடக்கத்தில் டி.டி.பி. மையங்களில் இருந்த 386, 486 பெட்டிகளில் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருக்கும், பலருக்கு ஞாபகம் இருக்கலாம். அதன் வேலை பெட்டியின் வேகத்தைக் குறைப்பது. பழைய சில்லின் வேகத்தை நம்பி எழுதிய விளையாட்டுகள் புதிய சில்லில் தலைதெறிக்க ஓடின. அவற்றை நடக்கவைக்கத்தான் அந்தப் பொத்தான். வால்டர் பெஞ்சமின் 1930களில் இயந்திர மறு உற்பத்தி பற்றிப் பேசும்போது மூலப் பிரதிக்கும் நகலுக்கும் இடையிலான உறவு தளர்வதைப் பற்றிச் சொன்னார். இங்கே நிலைமை வேறு. நகல் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் இயந்திரம் மாறிப்போனால் அத்தனை நகலும் ஒரே நாளில் ஊமையாகிவிடும்.

இனி மக்கின்டோஷ் கதைக்கு வருகிறேன். 1984இல் வந்த முதல் மக்கின்டோஷில் இருந்தது மோட்டரோலா 68000. பத்து ஆண்டுகள் அந்தக் குடும்பத்துச் சில்லுகளிலேயே காலம் ஓடியது. 1991இல் ஆப்பிள், ஐபிஎம், மோட்டரோலா மூன்றும் கூட்டுச் சேர்ந்து பவர்பிசி என்னும் புதிய சில்லை உண்டாக்கின. 1994 மார்ச்சில் அது வைத்த மக்கின்டோஷ்கள் விற்பனைக்கு வந்தன. அப்போது ஆப்பிள் செய்த காரியத்தைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். பழைய 68000 வகைச் சில்லுபோல வேஷம் கட்டுகிற ஒரு நிரலை, எமுலேட்டரை, பெட்டிக்குள்ளேயே நிரந்தரமாகப் பதித்துக் கொடுத்தது. பழைய விளையாட்டைச் சொடுக்கினால் அது பாட்டுக்கு ஓடும். ஆடுகிறவனுக்குச் சில்லு மாறியதே தெரியாது. இதற்குக் காரணம் தாராள மனசு மட்டுமல்ல. ஆப்பிளின் சொந்த இயக்க முறைமையிலேயே பெரும்பகுதி அப்போது பழைய சில்லின் மொழியில்தான் இருந்தது. அதற்கே எமுலேட்டர் தேவைப்பட்டது. தன் வீட்டுக்குப் போட்ட பாதையில் மற்றவர்களும் நடந்துபோனார்கள்.

அந்த 1994ஆம் ஆண்டின் இறுதியில்தான் சிகாகோவிலிருந்த பங்கி என்னும் சின்னக் கம்பெனி 'மாரத்தான்' விளையாட்டை வெளியிட்டது. பழைய சில்லிலும் ஓடும், புதிய சில்லிலும் ஓடும். சுடுகிற விளையாட்டுதான், ஆனால் நடுநடுவே கணினித் திரைகளில் வாசிக்கக் கிடைக்கும் பிரதிகள் வழியாகக் கதை நகரும். கதைசொல்லியாக வருவது ஒரு செயற்கை அறிவு. அது பொய் சொல்லும், கிண்டல் செய்யும், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட வெறியில் பேசும். எந்தக் கூற்றை நம்புவது என்பதை வாசகன்தான் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மேலே நான் சொன்ன 'மொழியற்ற அந்நியன்' என்கிற விதிக்கு இது ஓரளவு விலக்கு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு தொடர்ச்சிகள் வந்தன. 1999 ஜூலையில் பங்கியின் அடுத்த விளையாட்டான 'ஹேலோ'வை ஆப்பிள் மேடையிலேயே ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். 2000 ஜூனில் மைக்ரோசாஃப்ட் பங்கியை வாங்கிவிட்டது. ஹேலோ 2001இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கான விளையாட்டாக வெளிவந்தது. மாரத்தான் நிலைமை என்னவாயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

2001இல் ஆப்பிள் தன் இயக்க முறைமையையே அடியோடு மாற்றியது. பழைய மேக் நிரல்களுக்காக 'கிளாசிக்' என்று ஒரு கூண்டு கட்டிக் கொடுத்தது. பாதி மாற்றி எழுதச் சம்மதிக்கிற நிரலாளர்களுக்காகக் 'கார்பன்' என்று ஓர் இடைவழியும் போட்டது. 2005 ஜூனில் இன்னொரு குண்டு: பவர்பிசியும் வேண்டாம், இனி இன்டெல்தான். மடிக்கணினியில் வைக்கிற அளவுக்குச் சூடு குறைந்த வேகமான பவர்பிசி சில்லை ஐபிஎம் கொடுக்கவில்லை, அதனால் இந்த முடிவு என்று காரணம் சொல்லப்பட்டது. காரணம் உண்மைதான். ஆனால் விளைவைப் பாருங்கள். 2006 ஜனவரியில் வந்த இன்டெல் மக்கின்டோஷ்களில் கிளாசிக் கூண்டு கிடையாது. 1984 முதல் எழுதப்பட்டு, கார்பனுக்கு மாற்றப்படாத அத்தனை விளையாட்டுகளும் அந்தப் பெட்டிகளில் ஒரே அடியாக இல்லாமல் போயின. பவர்பிசிக்கு எழுதிய புதிய நிரல்களுக்கு மட்டும் ஒரு மொழிபெயர்ப்பாளன். அதற்குப் பெயர் ரோசெட்டா.

இந்தப் பெயரிடலில் எனக்கு ஒரு தீராத வியப்பு உண்டு. ரோசெட்டா கல் கி.மு. 196ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றை மூன்று எழுத்து வடிவங்களில் சுமந்து நின்றது. 1799இல் நெப்போலியனின் படையாட்கள் எகிப்தில் கண்டெடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் ஆங்கிலேயர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1802 முதல் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. திருட்டுப் பொருள்தான், ஆனாலும் அது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் எழுத்தை அழியாமல் வைத்திருந்ததால்தான் 1822இல் ஷாம்போலியனால் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க முடிந்தது. ஆப்பிளின் ரோசெட்டா 2006இல் வந்தது, 2011 ஜூலையில் வெளியான இயக்க முறைமையில் நீக்கப்பட்டது. முழுசாக ஆறு வருஷம் இல்லை. பவர்பிசி காலத்து விளையாட்டுகள் அத்தோடு போயின. கல்லின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் கல்லின் ஆயுளை எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காவது அடி சில்லு மாறாமலேயே விழுந்தது. இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 2019 அக்டோபரில் வந்த 'கேட்டலினா' இயக்க முறைமை 32 பிட் நிரல்களை ஓட்ட மறுத்தது. அந்தப் பெட்டிகளில் இருந்த இன்டெல் சில்லுக்கு 32 பிட் நிரலும் ஓட்டத் தெரியும், 64 பிட் நிரலும் ஓட்டத் தெரியும். நேற்று வரை ஓடிய விளையாட்டு, அதே பெட்டியில், அதே சில்லில், இன்று ஓடாது. இயலாமை சில்லினுடையது அல்ல. இரண்டு தொகுதி நூலகங்களைப் பராமரிக்கிற செலவை ஆப்பிள் நிறுத்திக்கொண்டது, அம்புட்டுதான். இதற்கான விதை 2007லேயே போடப்பட்டுவிட்டது. கார்பன் இடைவழியை 64 பிட்டுக்கு நீட்டப்போவதில்லை என்று அந்த ஆண்டே ஆப்பிள் தீர்மானித்தது. தூக்குத் தண்டனை அறிவித்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து நிறைவேற்றினார்கள். இதற்கு முன்னோட்டமாக 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வந்தபோது கைபேசியிலிருந்த 32 பிட் விளையாட்டுகள் இதேபோல் அணைக்கப்பட்டன. அவற்றை எழுதிய பலர் ஒற்றை ஆள் கடை நடத்தியவர்கள். கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். 64 பிட்டுக்கு மாற்றிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

மேக் விளையாட்டுகளுக்கு இன்னொரு சாபமும் உண்டு. அவற்றில் பெரும்பங்கு விண்டோஸுக்கு எழுதப்பட்டவை. ஆஸ்பைர், ஃபெரல் போன்ற கம்பெனிகள் மூல வெளியீட்டாளரிடம் உரிமம் வாங்கி மேக்குக்கு மாற்றி விற்றன. கேட்டலினா வந்தபோது அவர்கள் விற்பனை உள்ள சிலவற்றை 64 பிட்டுக்கு மாற்றினார்கள், மற்றதைக் கைகழுவினார்கள். அவர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை. பழைய விளையாட்டை மாற்றி எழுதினால் காசு வராது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவனிடம் மறுபடி எப்படிக் காசு கேட்பது? ஆனால் வாங்கியவனுடைய கண்ணில் பார்த்தால் இது வேறு மாதிரி தெரியும். அவன் வாங்கியது ஒரு பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அது ஒரு குத்தகை, முடிவுத் தேதி போடாத குத்தகை.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. விண்டோஸ் நிரல்களை மற்ற இயக்க முறைமைகளில் ஓட்டுவதற்கென்று 'வைன்' என்ற கட்டற்ற மென்பொருள் 1990கள் முதல் எழுதப்பட்டு வருகிறது. அதை வைத்து வியாபாரம் செய்யும் கோட்வீவர்ஸ் கம்பெனிக்காரர்கள், 32 பிட் விண்டோஸ் நிரல்களை 64 பிட்டுக்கு மட்டுமே இடம் தரும் கேட்டலினாவுக்குள் ஓடவைக்க ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். விளைவு: ஒரே விளையாட்டின் 2004ஆம் வருஷத்து விண்டோஸ் பிரதியை ஓட்டிப் பார்க்க இன்றைய மேக்கில் வழி இருக்கிறது, அதே விளையாட்டின் 2004ஆம் வருஷத்து மேக் பிரதிக்கு வழி இல்லை. அந்நியனுக்கு அகதி முகாம் உண்டு, சொந்தப் பிள்ளைக்குத் திண்ணைகூட இல்லை. 2023இல் ஆப்பிளே விளையாட்டு நிரலாளர்களைத் தன் பக்கம் இழுக்க ஒரு கருவிப் பெட்டியை வெளியிட்டது. அதற்கு அடித்தளமாக இருந்தது இதே வைன் மென்பொருள்.

ஆப்பிளை மட்டும் குறிவைக்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. 2006இல் சோனி பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அதற்குள் பிளேஸ்டேஷன் 2இன் சில்லே பௌதிகமாக வைக்கப்பட்டிருந்தது. பழைய விளையாட்டுகள் அச்சு அசலாக ஓடின. பெட்டியின் விலை அதிகம், நஷ்டம் அதிகம். 2007 முதல் அந்தச் சில்லை உருவி எடுத்தார்கள், பிறகு பழைய விளையாட்டு ஓட்டுவதையே நிறுத்தினார்கள். பிளேஸ்டேஷன் 3இன் சொந்தச் சில்லான 'செல்' விசித்திரமான ஒன்று. ஒரு தலைமைப் பகுதிக்குக் கீழே பல சின்னப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் வேலையை நிரலாளனே கையால் பிரித்துக் கொடுக்க வேண்டும். கஷ்டப்பட்டு அதற்கு எழுதிப் பழகினார்கள். 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது எக்ஸ்86 வகைச் சில்லுக்கு மாறிவிட்டது. பழையது எதுவும் ஓடாது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' 2013இல் பிளேஸ்டேஷன் 3க்கு விற்கப்பட்டது, 2014இல் மெருகேற்றி பிளேஸ்டேஷன் 4க்கு விற்கப்பட்டது, 2022இல் மறுபடி செய்து பிளேஸ்டேஷன் 5க்கு விற்கப்பட்டது. ஒன்பது வருஷத்தில் ஒரே கதைக்கு மூன்று தடவை கல்லாப்பெட்டி. சில்லு மாற்றம் ஒருவனுக்கு இழவு, இன்னொருவனுக்கு அறுவடை.

பிழைத்தவை எப்படிப் பிழைத்தன? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க விரும்புகிறேன், ஏனென்றால் நமக்குக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதென்றால் இங்கேதான் இருக்கிறது.

1970களின் கடைசியில் எம்.ஐ.டி. மாணவர்கள் பிடிபி-10 என்னும் பெரிய கணினியில் 'ஸோர்க்' என்ற விளையாட்டை எழுதினார்கள். படமே கிடையாது, எழுத்து மட்டும். அதை வீட்டுக் கணினிகளில் விற்க 1979இல் இன்ஃபோகாம் என்ற கம்பெனி தொடங்கியபோது ஒரு பிரச்சினை. அன்றைய வீட்டுக் கணினிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாதி, ஒன்றோடொன்று பேசாது. ஜோயல் பெரெஸும் மார்க் பிளாங்கும் ஒரு யோசனை செய்தார்கள். உலகத்தில் எந்த ஆலையிலும் செய்யப்படாத ஒரு கற்பனைச் சில்லைக் காகிதத்தில் வடிவமைத்தார்கள். விளையாட்டுகள் அத்தனையும் அந்த இல்லாத சில்லின் மொழியில் எழுதப்பட்டன. ஒவ்வொரு கணினிக்கும் அந்தக் கற்பனைச் சில்லுபோல நடிக்கிற ஒரு சின்ன நிரல் எழுதினால் போதும். கம்பெனி 1986இல் ஆக்டிவிஷனுக்கு விற்கப்பட்டு 1989இல் மூடப்பட்டது. அது எந்தெந்தக் கணினிகளுக்காக உழைத்ததோ அவையெல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. விளையாட்டுகள் இன்றும் கைபேசியில் ஓடுகின்றன. இல்லாத இயந்திரத்துக்குத் துருப்பிடிப்பது இல்லை. பிரான்சில் எரிக் ஷாஹி 1991இல் செய்த 'அனதர் வேர்ல்ட்' பல சில்லுகளுக்குத் தாவிப் போனதன் ரகசியமும் இதேபோன்ற ஒரு கற்பனை இயந்திரம்தான்.

'டூம்' கதை வேறு. 1993 டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் வெளியிட்ட இந்த விளையாட்டு நெக்ஸ்ட் கணினிகளில் உருவாக்கப்பட்டு டாஸ் கணினிகளுக்காக விற்கப்பட்டது. ஆக, அதை எழுதியவர்கள் ஆரம்பத்திலிருந்தே இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில் நின்று, பெரும்பாலும் 'சி' மொழியில் எழுதினார்கள். 1997 டிசம்பரில் ஜான் கார்மாக் அதன் மூல நிரலை வெளியே விட்டார். அப்படி விட்டபோது ஒரு சிக்கல். டாஸ் பிரதியின் ஒலிப் பகுதி இன்னொருவரிடம் உரிமம் வாங்கிப் போட்டது. அதை வெளியிட உரிமை இல்லை. எனவே லினக்ஸ் பிரதியின் மூல நிரல்தான் வெளிவந்தது. உலகத்தை உலுக்கிய ஒரு பிரதியின் முழு மூலத்தையும் வெளியிட அதை எழுதியவர்களுக்கே அதிகாரம் இல்லை! 1999இல் அது ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்தது. அதற்கப்புறம் டூம் ஓடாத சில்லே இல்லை என்கிற அளவுக்குப் போய்விட்டது.

பங்கியும் 2000 ஜனவரியில், மைக்ரோசாஃப்ட் வாங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, 'மாரத்தான் 2'இன் மூல நிரலை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. ரசிகர்கள் அதை எடுத்துக்கொண்டு 'ஆலெஃப் ஒன்' என்று பெயரிட்டு வளர்த்தார்கள். பவர்பிசி, இன்டெல், 64 பிட், இப்போது ஆப்பிளின் சொந்தச் சில்லு என்று மேலே நான் சொன்ன எல்லா அடிகளையும் இந்த ஒரு விளையாட்டு தாண்டி வந்திருக்கிறது. கோப்புகள் 1990களில் சேமித்தபடி 'இருபத்தைந்து' முறையில்தான் இருக்கின்றன. திறக்கும்போது 'பஞ்சவிம்சதி'யாகப் புரட்டிக்கொள்கிறது. 2024இல் இதே குழுவினர் அதை ஸ்டீம் கடையில் இலவசமாக வைத்தார்கள். நேர்மாறாகப் பாருங்கள்: கிறிஸ் சாயர் 1999இல் கிட்டத்தட்ட முழுவதையும் எக்ஸ்86 அசெம்பிளியிலேயே எழுதிய 'ரோலர்கோஸ்டர் டைகூன்'. தனி ஒருவனின் அசாத்திய உழைப்பு, ஆனால் ஒரே சில்லில் ஆணியடித்தது. மூல நிரலும் வெளிவரவில்லை. 2014இல் தொடங்கி, ஆர்வலர்கள் அதன் தொடர்ச்சியை ஆணை ஆணையாகப் பிரித்துப் படித்து வேறு மொழியில் மறுபடி எழுதினார்கள்.

இந்த வேலைக்கெல்லாம் கூலி என்ன? ஒன்றுமில்லை. இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பை உறிஞ்சித்தான் வாழ்கிறது என்று மார்க்ஸ் மூலதனத்தைப் பற்றிச் சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்து நடக்கிறது. 2002இல் டாஸ் விளையாட்டுகளை ஓட்டுவதற்காகத் தன்னார்வலர்கள் எழுதிய 'டாஸ்பாக்ஸ்' நிரலை இணைத்துத்தான் இணையக் கடைகள் பழைய விளையாட்டுகளைக் காசுக்கு விற்கின்றன. சட்டப்படி தப்பில்லை, உரிமம் அனுமதிக்கிறது. ஆனால் செத்த விளையாட்டை விற்பனைச் சரக்காக மறுபடி நிமிர்த்தியது யாருடைய இரவுகள் என்று கேட்பதில் தப்பில்லையே.

வெற்றி பெற்றவை பிழைத்தன என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 1993இல் மில்லர் சகோதரர்கள் ஆப்பிளின் ஹைப்பர்கார்டு கருவியில் செய்த 'மிஸ்ட்' லட்சக்கணக்கில் விற்றதால் பலமுறை புதிதாகச் செய்யப்பட்டது. அதே கருவியில் பள்ளி ஆசிரியர்களும் பிள்ளைகளும் வேலையற்றவர்களும் செய்த சின்னச் சின்ன விளையாட்டுகள் ஏராளம். நிரலாளர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாதவர்கள் முதன்முதலாக நிரல் எழுதிய களம் அது. ஹைப்பர்கார்டு புதிய இயக்க முறைமைக்கு மாற்றப்படவே இல்லை. 2004இல் விற்பனை நின்றது. 2017இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் ஓரளவு மீட்டது. மீதி? உ.வே.சா. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போனபோது, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகம விதிப்படி ஹோமத்தில் போட்டுவிட்டதாக அங்கிருந்தவர்கள் சொன்னார்களாம். அங்கே விதி சொன்னது ஆகமம். இங்கே விதி சொல்வது பராமரிப்புச் செலவு. 1990களில் டி.டி.பி.யில் கோர்க்கப்பட்ட நம் சிற்றிதழ்களின் கோப்புகள், யூனிகோடுக்கு முந்தைய, கடைக்கு ஒன்றாக இருந்த எழுத்துரு முறைகளில் எத்தனை நெகிழ்தட்டுகளில் கிடக்கின்றன என்பதையும் யோசித்துப் பார்க்கலாம். நமக்குக் காகிதம் இருந்தது, தப்பித்தோம்.

கடைசியாகச் சட்டம். 1999இல் கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை மக்கின்டோஷில் ஓட்டும் எமுலேட்டரைக் கொண்டுவந்தது. ஆப்பிள் தன் மேடையிலேயே அதைக் காட்டியது. சோனி வழக்குப் போட்டது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், எமுலேட்டர் செய்வதற்காகச் சோனியின் நிரலைப் பிரித்துப் படித்தது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. அப்புறம் என்ன ஆயிற்று? 2001இல் சோனி அந்த எமுலேட்டரையே விலைக்கு வாங்கி மூடிவிட்டது. நீதிமன்றத்தில் தோற்றவன் சந்தையில் ஜெயித்தான். 2024இல் நின்டெண்டோ, யூஸு என்ற எமுலேட்டரைச் செய்தவர்கள் மீது வழக்குப் போட்டு, தீர்ப்புக்கே போகாமல் 24 லட்சம் டாலர் சமரசத்தில் அதை முடித்துவைத்தது.

1998இல் வந்த அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விதிவிலக்குக் கேட்டு மனுப் போடலாம். நூலகங்களும் அருங்காட்சியகங்களும் பழைய விளையாட்டுகளைப் பாதுகாக்க 2015 முதல் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குப் பெற்றன. ஆனால் நூலகக் கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்துதான் ஆட வேண்டும். 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான், ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தும் பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். விளையாட்டுக் கம்பெனிகளின் சங்கம் எதிர்த்தது. பாதுகாக்கிறோம் என்ற பெயரில் பொழுதுபோக்க ஆடுவார்கள் என்பது அதன் வாதம். ஆராய்ச்சி செய்கிறவன் சிரிக்கக் கூடாது, சந்தோஷப்படக் கூடாது! 2024 அக்டோபரில் மனு நிராகரிக்கப்பட்டது.

இப்போது ரோசெட்டாவின் அந்த மிச்சத் துண்டுக்கு வருவோம். அறிவிப்பில் 'பராமரிக்கப்படாத' விளையாட்டுகள் என்று ஆப்பிளே எழுதியிருக்கிறது. பராமரிக்க ஆளிருக்கிற நிரலை மிரட்டலாம்: 'மாத்தி எழுது, இல்லாட்டி வெளியே போ' என்றால் மாற்றி எழுதுவார்கள். ஆளே இல்லாத பிரதியை மிரட்ட முடியாது. 2019இல் மிரட்டிப் பார்த்து, விளையாடுகிறவர்கள் மேக்கை விட்டு விண்டோஸுக்குப் போனதுதான் மிச்சம். அந்த அனுபவம் கற்பித்த கணக்கு இது என்றுதான் நான் வாசிக்கிறேன். இந்தத் துண்டு எத்தனை வருஷம் இருக்கும் என்று அறிவிப்பில் ஒரு வார்த்தை இல்லை. எந்தச் சட்டமும் அதைக் கேட்கச் சொல்லவும் இல்லை. பூட்டுக்கான விதிவிலக்குகள் வாஷிங்டனில் மறுபடி விசாரணைக்கு வரும் முறை 2027.